நான்கு பக்கத்துக்குள்

அக்டோபர் 6, திங்கள்

வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம். இதுவரை உருப்படியாக ஒரு வாக்கியம் எழுதவில்லை. என்னென்ன எழுதக் கூடாது என்ற பட்டியலைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். ‘வேண்டும்’ கூடாது. ‘மோசம்’ கூடாது. ‘நிச்சயம்’ கூடவே கூடாது. எம்.பி.க்களுக்கு நாங்கள் யோசனை சொல்வதில்லையாம், தகவல் மட்டும் கொடுக்கிறோமாம். ஒழுகுகிற கூரையைப் பார்த்து ‘ஒழுகுகிறது’ என்று எழுதினால், ‘ஒழுகுவதாகச் சிலர் கருதுகின்றனர்’ என்று திருத்தி வருகிறது.

அலுவலகம் தேம்ஸ் நதிக்குத் தென்கரையில். ஜன்னலில் பாராளுமன்றம் தெரியும். எந்தக் கட்சியையும் சேராத ஒரு சின்ன அறக்கட்டளை. எம்.பி.க்கள் ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் படித்துக்கொள்ள ஆய்வுக் குறிப்பு தயாரித்துக் கொடுப்பார்கள். நான்கு பக்கம். ஐந்தாம் பக்கத்தை எந்த எம்.பி.யும் திருப்ப மாட்டார் என்பது இங்கே வேத வாக்கு. என் பல்கலைக்கழகம் மூன்று மாதத்துக்கு என்னை இங்கே அனுப்பியிருக்கிறது.

கொடுத்த தலைப்பு: வாடகை வீடுகளில் ஈரமும் பூஞ்சணமும். சரியான ஆளிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். நாற்பது வீடுகளில் கருவி மாட்டிப் பதினான்கு மாதம் ஈரத்தை அளந்தவன் நான். பிஎச்.டி.யே அதில்தான். இவர்களில் ஒருவர்கூட ஆவியை வெளியே தள்ளும் ஒரு விசிறியைக் கழற்றிப் பார்த்ததில்லை.

அக்டோபர் 9, வியாழன்

‘ஆனால்’ என்ற சொல்லைப் பற்றி முக்கால் மணி நேரம் கூட்டம். நிஜமாக.

அக்டோபர் 14, செவ்வாய்

மதியச் சாப்பாட்டுக்கு வழி கிடைத்துவிட்டது. என் அறைக்கு இரண்டு தெரு தள்ளி, குறைந்த வாடகைக்கு வீடு விடும் வீட்டுச் சங்கத்தின் அடுக்குமாடியில், சுகந்தினி அக்கா இருக்கிறார். பருத்தித்துறைக்காரர். காலையில் இடியப்பம் அவித்து, சம்பல், சொதியோடு ஒன்பது பேருக்குப் பார்சல் கட்டுகிறார். எடுத்துக்கொண்டு ரயிலேற வேண்டியதுதான்.

இன்று வாசலில் நின்றபடி, “தம்பி, நீங்கள் வீடுகளைப் பற்றித்தானே படிக்கிறியள்? எங்கட அறையெல்லாம் பூஞ்சணம். கறுப்புக் கறுப்பா. ஆரணிக்கு இரவில மூச்சு இழுக்குது” என்றார். ஆரணி அவருடைய மகள், ஆறு வயது.

“குளிக்கும்போது, சமைக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கக்கா. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைங்க. துணியை உள்ளே காயப்போடாதீங்க.”

“வெளியில போட்டா விறைச்செல்லோ போகும்? சரி, செய்து பாக்கிறன்.”

பெரும்பாலும் இதுதான் பிரச்சினை. மக்களுக்கு எளிய விஷயம் தெரிவதில்லை. எட்டேகால் ரயிலைப் பிடிக்க ஓடினேன்.

அக்டோபர் 23, வியாழன்

வெளியிலிருந்து ஐந்து பேர் என் வரைவைப் படித்துக் கருத்து எழுதியிருக்கிறார்கள். வாடகைதாரர் அமைப்பு: ‘கட்டடக் குறைபாட்டை அழுத்திச் சொல்லவில்லை.’ வீட்டுக்காரர்கள் அமைப்பு: ‘கட்டடக் குறைபாட்டை அளவுக்கு மீறி அழுத்திச் சொல்கிறது.’ ஒரே பத்தியைப் பற்றி! இருவரையும் திருப்திப்படுத்த வேண்டுமாம். தெர்மாமீட்டர் யாரைத் திருப்திப்படுத்துகிறது?

திருத்தம் பார்ப்பவர் மொய்ரா. கிளாஸ்கோக்காரி, என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஒரு நாளைக்கு ஆறு கோப்பை தேநீர். என் வரைவு முழுக்கப் பச்சை மையில் கேள்வியாகப் போட்டு வைத்திருக்கிறார். ‘இது எல்லா வீட்டுக்குமா?’ ‘யார் அளந்தது?’ ‘எப்போது?’ நான் அளந்தேன் அம்மா, நான். குளிரில் ஏணி தூக்கிக்கொண்டு.

அக்டோபர் 30, வியாழன்

இன்று ஒரு சண்டை. ஜெயித்தேன்.

குறிப்பு நாளை வெளியாக வேண்டும். வடிவமைத்துப் பார்த்தால் இரண்டு வரி ஐந்தாம் பக்கத்துக்கு ஒழுகுகிறது. எல்லோரும் கூடி நின்று எதை வெட்டலாம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வீட்டுக்காரர்கள் அமைப்பின் மேற்கோளை வெட்டக் கூடாது, அப்புறம் வாடகைதாரர் அமைப்பின் மேற்கோள் தனியாக நிற்கும். பூஞ்சணப் படத்தை எடுக்கக் கூடாது. நன்றியுரையைத் தொடவே கூடாது.

நானே விசைப்பலகையை இழுத்தேன். நான்காம் பக்கத்தில் இப்படி இருந்தது: ‘காற்று வெளியேறும் ஏற்பாடுகள் பரிசோதிக்கப்பட்டுச் சரியாக இயங்குவது உறுதி செய்யப்பட்ட வீடுகளில், எஞ்சும் பூஞ்சணத்துக்கு வசிப்பவர்களின் சமையல், குளியல், துணி உலர்த்தும் பழக்கங்களே முக்கியக் காரணம்.’ ஆராய்ச்சி என்னுடையது. முன்பாதியை வெட்டினேன். நச்சென்று நின்றது: ‘பூஞ்சணத்துக்கு வசிப்பவர்களின் சமையல், குளியல், துணி உலர்த்தும் பழக்கங்களே முக்கியக் காரணம்.’ நான்கு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது.

மொய்ரா விடவில்லை. “அந்த முன்பாதியை எடுத்தா விஷயமே மாறலையா, பரிதி?”

“ஃபேன் ஓடுற வீட்டைத்தான் சொல்றோம்னு எந்த இன்ஜினியருக்கும் தெரியும்.”

“படிக்கப்போறது இன்ஜினியர் இல்லையே.”

“அப்போ ஐந்தாம் பக்கம் போடுங்க. இல்லைன்னா நன்றியுரையை வெட்டுங்க.”

மணி ஐந்தரை. அவர் குழந்தையைக் காப்பகத்திலிருந்து அழைத்துவரப் போக வேண்டும். கையெழுத்துப் போட்டார். ஒருவழியாக இந்த அலுவலகத்தில் ஒரு வாக்கியம் தெளிவாக எதையோ சொல்கிறது.

அக்டோபர் 31, வெள்ளி

வெளியாகிவிட்டது. எழுதியவர் பெயர் போடுவதில்லையாம். அமைப்பின் குரலாக இருக்க வேண்டுமாம். படித்துப் பார்த்துக் கருத்துச் சொன்ன ஐந்து பேர் பெயரும் இருக்கிறது. பதினான்கு மாதம் ஏணி தூக்கியவன் பெயர் இல்லை. அநியாயம்.

நவம்பர் 5, புதன்

இருநூறு எம்.பி. அலுவலகங்கள் குறிப்பை வாங்கியிருக்கின்றன. இயக்குநர் பிலிப் என் தோளைத் தட்டினார்.

பார்சல் இல்லை. கதவைத் திறந்த யோகன் அண்ணன், சுகந்தினி அக்காவின் கணவர், வேன் ஓட்டுகிறவர், “பிள்ளையை ஆஸ்பத்திரியில மறிச்சுப் போட்டாங்கள். மூச்சுக்குப் புகை பிடிக்கினம்” என்றார். நெபுலைசரைச் சொல்கிறார். நேற்று ராத்திரி சேர்த்தார்களாம்.

சாண்ட்விச் சாப்பிட்டேன். அட்டை மாதிரி இருந்தது.

நவம்பர் 11, செவ்வாய்

ஆரணி வீட்டுக்கு வந்துவிட்டாள். டாக்டர் ‘இந்த வீட்டில் குளிர்காலத்தைக் கழிக்கக் கூடாது’ என்று கடிதம் கொடுத்திருக்கிறார். வீட்டுச் சங்கமோ பூஞ்சணப் புகாரையே மூடிவிட்டது. போன மாதம் வந்து பார்த்த அவர்களுடைய ஆள் எழுதியிருக்கிறான்: விசிறி இயங்குகிறது, காரணம் வாழ்க்கை முறை. ஐந்து வருடமாக அதே மூன்று அறையில் இருக்கிறார்கள். வாழ்க்கை முறையாம்! அவன் அங்கே பன்னிரண்டு நிமிஷம் இருந்தானாம்.

டிசம்பர் முதல் வாரம் சங்கத்தின் மேல்முறையீட்டுக் குழு கூடுகிறது. தொகுதி எம்.பி. ஒரு கடிதம் கொடுத்தால் வேறு வீடு கிடைக்க வாய்ப்பு உண்டு. இல்லாவிட்டால் அடுத்த வருடம்தான்.

“எனக்கு இங்கிலிஷ் கொஞ்சம் விளங்கும் தம்பி. ஆனா கோவம் வந்தா ஒரு சொல்லும் வராது. சனிக்கிழமை எம்.பி.யிட்டப் போறம், எங்களோட வாறியளோ?” என்று அக்கா கேட்டார்.

வருகிறேன் என்றேன். அந்தப் பன்னிரண்டு நிமிஷக்காரனை நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருக்கிறது.

நவம்பர் 15, சனி

எம்.பி. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நூலகத்தின் பின்னறையில் மக்களைச் சந்திக்கிறார். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆளுக்குப் பத்து நிமிஷம். எம்.பி. நல்ல மாதிரி. ஜலதோஷம் பிடித்திருந்தது, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மூக்கைச் சிந்தினார். டாக்டர் கடிதத்தை முழுக்கப் படித்தார். ஆரணியின் வயதைக் கேட்டார். பிறகு கோப்பிலிருந்து நான்கு தாளை எடுத்தார். மேல் மூலையில் எங்கள் முத்திரை. நான்காம் பக்கத்தில் மஞ்சள் கோடு.

“எனக்கு உதவணும்னுதான் இருக்கு. ஆனா இது எந்தப் பக்கமும் சாயாத ஆய்வு. இது இப்படிச் சொல்லும்போது சங்கத்தைக் குற்றம் சொல்லி நான் எப்படிக் கடிதம் எழுதறது?” என்று சொல்லி, அந்த வரியை வாசித்தார். நிதானமாக, நான் மொழிபெயர்க்க வசதியாக.

“என்னவாம் தம்பி?” என்றார் அக்கா.

சொன்னேன். “வீட்டுக்குள்ள சமைக்கிறது, குளிக்கிறது, துணி காயப்போடுறது, இதுதான் பூஞ்சணத்துக்கு முக்கியக் காரணம்னு ஆராய்ச்சி சொல்லுதாம்.”

“ஆருடைய ஆராய்ச்சி?”

“பெயர் போடலக்கா.”

யோகன் அண்ணன் பொங்கிவிட்டார். “சமைக்காம என்னத்தத் தின்னுறது, மண்ணையோ? இதை எழுதினவன் குளிக்கிறேல்லையாமோ? கேளுங்கோ தம்பி, அப்பிடியே கேளுங்கோ!”

அப்படியே கேட்கவில்லை. ‘அவர் வருத்தப்படுகிறார்’ என்றேன்.

எம்.பி. அக்காவிடம், தினமும் எத்தனை பேருக்குச் சமைக்கிறீர்கள் என்று கேட்டார். அக்கா மறைக்கவில்லை. வீட்டில் மூன்று பேர், பார்சல் ஒன்பது என்றார். எம்.பி. குறித்துக்கொண்டார். அந்த ஒன்பதில் ஒருவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான் என்று யாரும் சொல்லவில்லை. கேட்கவும் இல்லை.

பத்து நிமிஷம் முடிந்தது. கையில் கொடுத்தது ஒரு துண்டுப்பிரசுரம்: ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

மொழிபெயர்க்க வந்தவனுக்குச் சொந்தக் கருத்து இருக்கக் கூடாது. அதுதான் முறை. எம்.பி.க்கள் ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு முடிவெடுத்தால் யார் என்ன செய்ய முடியும்? மூன்றாம் பக்கத்தில் கட்டடக் குறைபாடு பற்றி ஒரு பத்தி முழுக்க இருக்கிறது. அதில் ஏன் கோடு போடவில்லை?

நவம்பர் 16, ஞாயிறு

துணி துவைத்தேன். அறைக்குள்ளேதான் காயப்போட்டேன்.

நவம்பர் 17, திங்கள்

வேலை முடிந்து நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். பல்கலைக்கழகத்துக் கருவிப் பையோடு. இத்தனை நாளும் வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை.

ஆரணியின் அறையில் கட்டிலுக்கு மேலே மூலையிலிருந்து ஜன்னல்வரை கறுப்பு. கட்டிலை நடு அறைக்கு இழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவள் அதில் உட்கார்ந்து பஞ்சுக்கரடிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். “மூச்சை நல்லா இழுங்கோ” என்று கரடியிடம் சொல்கிறாள்.

சமையலறை விசிறியைப் போட்டேன். உறுமல் பலமாக இருந்தது. ஒரு டிஷ்யூ தாளை வலையில் வைத்தேன், ஒட்டிக்கொண்டது.

“சங்கத்தில இருந்து வந்தவனும் இதைத்தான் செய்தவன். தாள் ஒட்டுது, எல்லாம் சரி எண்டுட்டுப் போட்டான்” என்றார் அக்கா.

வெளிச்சுவரில் காற்று வெளியேறும் மூடி எங்கே என்று கேட்டேன். ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, கார் நிறுத்துமிடத்திலிருந்து பார்த்தால் தெரியும். யோகன் அண்ணனை டார்ச்சோடு கீழே அனுப்பினேன். விசிறி ஓடினால் அந்த மூடி படபடக்க வேண்டும்.

“ஆடுதா அண்ணே?”

“இல்லை!”

“நல்லாப் பாருங்க!”

“கண் தெரியும் எனக்கு! அசையேல்லை!”

மூன்றாம் மாடிக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் நடுவே நாங்கள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் திரையை விலக்கிப் பார்த்தார். நாற்காலியில் ஏறி வலையைக் கழற்றினேன். விசிறிக்குப் பின்னால் குழாய் சுவருக்குப் போகவேயில்லை. பொய்க்கூரைக்கு மேலே சும்மா கிடக்கிறது, வாய் ஆரணியின் அறைப் பக்கம் திரும்பி. ஐந்து வருடமாக இடியப்பத்து ஆவி அத்தனையையும் உறிஞ்சி, அந்தப் பிள்ளையின் தலைக்கு மேலே ஊதிக்கொண்டிருக்கிறது. துண்டுப்பிரசுரம் சொன்னபடி, நான் சொன்னபடி, அக்கா இன்னும் அதிக நேரம் விசிறி போட்டிருக்கிறார்.

“அக்கா, ஃபேனை நிறுத்துங்க. இனிமேல் போடாதீங்க.”

“நீங்கள்தானே போடச் சொன்னியள்?”

படம் எடுத்தேன், அளவு எடுத்தேன். தேநீர் தந்தார். குடித்துவிட்டு வந்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

என் நாற்பது வீடுகளிலும் அளக்க ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு விசிறியையும் குழாயையும் சரிபார்த்தோம், பழுதானதைச் சீர்செய்தோம். அதனால்தான் அந்த முடிவு உண்மை. அந்த நாற்பது வீட்டுக்கு மட்டும் உண்மை. ஆய்வேட்டில் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. எனக்குத் தெரியாமலா வெட்டினேன்?

நவம்பர் 18, செவ்வாய்

மொய்ராவிடம் சொன்னேன். எம்.பி., மஞ்சள் கோடு, குழாய் எல்லாம். அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, பச்சை மை போட்ட பழைய வரைவைத் தேடி எடுத்தார்.

“‘நான் அன்னைக்கே சொன்னேன்’னு சொல்லிடுங்க” என்றேன். கொஞ்சம் உரக்கவே.

“சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போட்டது நான். குழந்தையைக் கூப்பிடப் போகணும்னு போட்டேன்.” பிறகு, “இப்போ எதுக்கு என்கிட்ட கத்தறே? அந்தக் குழு எப்போ கூடுது?” என்றார்.

பிலிப்பிடம் போனோம். அவருடைய யோசனை: இணையத்தில் இருக்கும் கோப்பைச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம். தேதி அப்படியே இருக்கட்டும்.

“மஞ்சள் கோடு போட்ட தாள் எம்.பி.யம்மா கோப்புல இருக்கே. அதுவும் சத்தமில்லாம மாறிடுமா?” என்றேன்.

“நீ கோபமா இருக்கே.”

“ஆமா.”

இந்த அலுவலகத்தில் அது குற்றம்போல. மொய்ராதான் விதிப்புத்தகத்தைப் பிரித்தார். பொருள் மாறும் பிழை என்றால் குறிப்பை வாங்கிய எல்லோருக்கும் திருத்தம் அனுப்ப வேண்டும், காரணத்தோடு. அந்த ஒரு விதியில் மட்டும் ‘வேண்டும்’ இருக்கிறது.

நவம்பர் 20, வியாழன்

திருத்தம் போய்விட்டது. காரணம் என்று நான் எழுதிக் கொடுத்தது: ‘முடிவு எந்த வீடுகளுக்குப் பொருந்தும் என்ற நிபந்தனையை எழுதியவர் நீக்கிவிட்டார், அது தவறு.’ பிலிப் கையில் போய்த் திரும்பி வந்தது: ‘மேலும் தெளிவுக்காக நான்காம் பக்கத்தில் ஒரு வாக்கியம் விரிவாக்கப்பட்டுள்ளது.’

மேலும் தெளிவுக்காக! ஒரு குழந்தையை மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்த வீட்டுச் சங்கத்தைக் காப்பாற்றிக் கொடுத்த வாக்கியத்துக்கு, மேலும் தெளிவு! இதை எந்த எம்.பி. திறந்து பார்ப்பார்? எங்கள் எம்.பி.யின் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். உதவியாளர், “ஆமாம், வந்திருக்கு. சின்னத் திருத்தம்தானே?” என்றார்.

அந்தக் குடும்பத்துக்கு நானே கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன் பிலிப்பிடம். தனி வழக்குகளில் ஊழியர் தலையிடக் கூடாது, ஒப்பந்தத்தில் இருக்கிறது, எழுதினால் உன் மூன்று மாதம் அன்றோடு முடிந்தது, பல்கலைக்கழகத்துக்கும் தெரிவிப்போம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். இங்கே எல்லாம் மரியாதையாகத்தான் நடக்கிறது.

நவம்பர் 22, சனி

அக்கா வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். ஆரணி தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

“அன்னைக்கு எம்.பி. வாசிச்சாங்கல்ல, அந்த ஆராய்ச்சி என்னுடையதுக்கா. அந்த வரியும் நான் எழுதினதுதான்.”

யோகன் அண்ணனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்தார். “எங்களுக்குப் பக்கத்தில இருந்து, எங்கட வாயைப் பாத்துக்கொண்டு, பேர் போடேல்லை எண்டு சொன்னனீர்?” அதுவரை ‘நீங்கள்’ என்றுதான் பேசுவார்.

“ஆமாண்ணே.”

“எங்கட சோத்தைத் திண்டுகொண்டு!”

“யோகன், பிள்ளை இருக்கு” என்றார் அக்கா. இடியப்பத் தட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினார். பன்னிரண்டு தட்டு. நான் எண்ணினேன், வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல்.

கடைசித் தட்டையும் வைத்துவிட்டு, “ஏன் தம்பி அப்பிடி எழுதினனீங்கள்?” என்றார்.

“இடம் பத்தலக்கா. நாலு பக்கத்துக்குள்ள வரணும்.”

சொல்லும்போதே கேவலமாக இருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத எனக்குத் தெரியவில்லை.

குழுவுக்கு ஒன்று, எம்.பி.க்கு ஒன்று என்று கடிதம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். குழாயின் படங்களும் அளவுகளும் இணைத்திருந்தேன். மேசையில் வைத்தேன்.

“வாசியுங்கோ.”

வாசித்து, தமிழிலும் சொன்னேன். “மேற்படி ஆய்வுக் குறிப்பின் நான்காம் பக்கத்தில் காணப்படும் முடிவு, குறிப்பிட்ட சில நிபந்தனைகளுக்கு உட்பட்டது என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்கு...”

“நிப்பாட்டுங்கோ. உதில பிழை விட்டது ஆர்?”

“நான்தான்.”

“அது எங்கே இருக்கு?”

மூன்றாவது பத்தியைக் காட்டினேன்.

“அவையள் மூண்டாவது வரைக்கும் வாசிக்க மாட்டினம். முதல்ல போடுங்கோ. நான் பிழையா எழுதிப்போட்டன் எண்டு. பிறகு, குழாய் வெளியில போகேல்லை எண்டு. உவ்வளவும் போதும்.”

மடிக்கணினியைத் திறந்து அவர்கள் மேசையிலேயே திருத்தி, பென்டிரைவில் போட்டு வைத்தேன். யோகன் அண்ணன் அதையும் வேன் சாவியையும் எடுத்துக்கொண்டு வெளியே போனவர், அரைமணியில் நூலகத்தில் அச்செடுத்த தாள்களோடு திரும்பி வந்து, என்னைப் பார்க்காமல் மேசையில் வைத்தார். எழுதியதற்கு என்ன ஆகும் என்று அவர்களிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை பிலிப் சொல்லுவார்.

அக்கா தாளை வாங்கி, விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் வாசித்தார். நிறைய நேரம் எடுத்தது. கடைசி வரிக்கு வந்ததும் பேனாவை என் பக்கம் தள்ளினார்.

“உங்கட முழுப் பேரையும் போடுங்கோ.”

போட்டேன்.

“பக்கத்தில என்ன படிச்சனீங்கள் எண்டும் போடுங்கோ தம்பி. எங்கட பிள்ளை மூச்சு இழுக்கிறது அவையளுக்குக் கேக்காது. உது கேக்கும்.”